உன் பதினொன்றைக் கேட்கிறார்கள்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். அப்பாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது, ஆனால் டிப்போவில் பஸ்ஸுக்கு அடியில் குனிகிற வேலையை இன்னும் விட்ட பாடில்லை, சொன்னால் போர்மேன் நானே குனியாவிட்டால் பையன்கள் படுத்துவிடுவார்கள் என்கிறார். மாடிக் குழாய் மறுபடி ஒழுக ஆரம்பித்து உன் அறைச் சுவரில் ஒரு மூலை ஊறிவிட்டது, உன் புத்தகங்களை எல்லாம் எடுத்து அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டேன், கவலைப்படாதே.

இதைப் போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், இதில் என் மனசில் இருப்பது அவர் காதில் விழக்கூடாது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் பதினொன்றாம் நம்பர் சட்டையைக் கேட்கிறார்கள். நம் டிப்போ ஃபுட்பால் டீமின் வழக்கம் உனக்கே தெரியும், ஒன்றிலிருந்து பதினொன்று வரைக்கும் உள்ள நம்பரை வாங்கியவன்தான் வீட்டு ஆள், மற்றவன் எல்லாம் விருந்தாளி. நம்பரை வைத்திருந்தவன் தன் வாயால் கொடுத்தால்தான் அது அடுத்தவன் முதுகுக்குப் போகும். அதனால் உன்னைக் கேட்டு எழுதச் சொல்லி அப்பா என்னிடம் சொல்லி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. நான்தான் இன்று நாளை என்று தள்ளிப்போட்டுவிட்டேன். எழுதிட்டியா என்று அவர் கேட்கும்போதெல்லாம் ஸ்டாம்ப் இல்லை, கண் எரிகிறது என்று ஏதாவது சொல்லி நழுவினேன். கண் எரியவில்லை ராஜா, வயிறுதான் எரிந்தது.

கேட்பவன் யார் என்றால், புதிதாக வந்திருக்கும் லெஃப்ட் விங்கர், உன்னைப் போலவே இடது ஓரமாக முன்னால் ஓடிக் கோலுக்குப் போகிறவன். ஒர்க்‌ஷாப்பில் வெல்டிங் வேலைக்குச் சேர்ந்த பையன், ஒல்லியாக நெட்டையாக இருப்பான், பந்தை வாங்கினால் எந்தப் பக்கம் திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது, அதனால் எல்லோரும் காத்தாடி என்று கூப்பிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவனுக்கு நம் வீட்டில்தான் சாப்பாடு. ஜன்னல் ஓரம் நீ உட்காரும் நாற்காலிதான் அவனுக்கும் வசதியாக இருக்கிறதாம். அப்பா அவனுடைய பூட்ஸின் அடி பிய்ந்ததைத் தன் கையால் ஒட்டிக் கொடுத்தார். உனக்கு என்ன சொன்னார் என்று ஞாபகம் இருக்கிறதா, உன் பூட்ஸை நீதான் பாத்துக்கணும், நான் கோச்சா செருப்புத் தைக்கிறவனா என்றார். அவன் ஒரு கோல் போட்டால் அன்று முழுவதும் விசில் அடித்துக்கொண்டே திரிகிறார். இத்தனை வருஷ வாழ்க்கையில் இந்த மனிதருக்கு விசிலடிக்கத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. நீ கோல் போட்டுவிட்டு ஓடி வந்த நாளில், சரி, திரும்பிப் பின்னால வந்தியா என்றுதானே கேட்டார். ஒரு நாள் காத்தாடி சுவரில் இருக்கும் உன் போட்டோவைப் பார்த்து இது யாரு சார் என்றான். அப்பா, என் பையன், நல்லா தடுப்பான் என்றார். விங்கரைப் பெற்றவளுக்கு அதைக் கேட்டால் எப்படி இருக்கும் என்று நீயே சொல்.

ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் நம் முன்னறையில் நடக்கும் சபையை நீ இப்போது பார்க்க வேண்டும். உன் மாமாவும் சலூன்காரரும் எதிரெதிரே உட்கார்ந்து டீ கிளாஸ்களை எல்லாம் ஆட்களாக நிறுத்திவைத்துச் சண்டை போடுகிறார்கள், நான் கிளாஸைக் கழுவ எடுத்தால் ஐயோ அக்கா, அது நம்ம சென்டர் பேக்கு, எடுக்காதீங்க என்று கத்துகிறார் சலூன்காரர். விஷயம் இதுதான். நம் டீம் பூட்டுப் போட்ட டீம், ஒரு கோல் அடித்தாலும் போதும், ஒரு கோலும் வாங்கக்கூடாது என்று பத்துப் பேரும் பின்னால் வந்து நிற்கிறவர்கள். அதில் இந்த ஒருவன் மட்டும் பந்து போனால் போகட்டும் என்று நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கமே நிற்கிறான். மாமாதான் ஆரம்பித்தார்: மச்சான், வீட்ல எல்லாரும் மூட்டை தூக்கும்போது ஒருத்தன் மட்டும் வாசல்ல நின்னு காத்து வாங்கினா அது குடும்பமா என்று அப்பாவைக் கேட்டார். சலூன்காரர், யோவ், அவன் காத்து வாங்கலை, அவன் நிக்கிறதாலதான் அவனுக்கு நேரா காவல் நிக்கிற எதிராளியோட ரைட் பேக்கு தன் வீட்டை விட்டு வெளியவே வராம பயந்து கெடக்கிறான், அதுவே பாதி தடுப்புய்யா என்றார். மாமா, உன் கத்தரியை நீ புடி, பந்தை நாங்க பாத்துக்கறோம் என்றார். அதற்கு சலூன்காரர், அடுத்த தடவை முடி வெட்ட வருவேல்ல, ஒரு பக்கம் மட்டும் வெட்டி அனுப்பறேன், டிஃபென்ஸ் மட்டும் போதும்னு சொல்றவனுக்கு அது போதும் என்றார். சிரிப்பை அடக்க முடியாமல் நான் உள்ளே போய்விட்டேன்.

ஆனால் எனக்கு உள்ளே சிரிப்பு இல்லை. அப்பா சலூன்காரர் பக்கம் தலையாட்டிக்கொண்டிருந்தார், அதுதான் தாங்கவில்லை. நான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றதே அப்பா வாங்கும் பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தில்தான், இத்தனை நாள் ஒரு வார்த்தை கருத்துச் சொன்னதில்லை. அன்று தட்டை எடுக்க வந்தவள் நின்று சொல்லிவிட்டேன். பதினொரு பேர் சட்டையையும் துவைக்கிறது நான்தான், மத்த எல்லார் சட்டையிலும் முழங்கை, மார்பு, முதுகு எல்லாம் சேறு, சில நாள் ஊறவெச்சும் போறதில்லை, உங்க காத்தாடி சட்டையை மட்டும் அலசி உதறினா அப்படியே அலமாரியில வெக்கலாம், என் பையன் சட்டை எப்படி வரும்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா என்று கேட்டேன். மாமா எழுந்து, பாத்தியா, அக்கா சொல்லிடுச்சு, இதுக்கு மேல என்னய்யா சாட்சி என்று கிளாஸைக் கவிழ்த்து வைத்தார். சலூன்காரர்கூட மீசையைத் தடவிக்கொண்டே தன் கிளாஸ் ஒன்றைப் பின்னால் நகர்த்தினார். மறுநாள் பயிற்சியில் அப்பா அவனைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து நீயும் பின்னால வரணும் என்று சொல்லிவிட்டார். அன்று இரவு எனக்கு எவ்வளவு நல்ல தூக்கம் வந்தது தெரியுமா. மேட்சுக்கு முன்னால் ஒவ்வொருவர் பேரையும் சொல்லி வேண்டிக்கொள்வது என் பழக்கம், அவன் வந்ததிலிருந்து பத்துப் பேருக்குத்தான் வேண்டுகிறேன். பதினோராவது ஆளைப் பற்றி ஆண்டவனிடம் நான் நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெரிய அடக்கம்.

போன சனிக்கிழமை மேட்ச். நானும் போயிருந்தேன். காத்தாடி சொன்ன சொல் தட்டாமல் வந்தான், நம் தடுப்பாட்டக்காரனுக்குப் பக்கத்திலேயே நின்று விழுந்து புரண்டு தடுத்தான். முதல் பாதி முழுக்க மாமா என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டிக்கொண்டிருந்தார், எனக்கும் மனசு குளிர்ந்தது. இரண்டாவது பாதியில்தான் புரிந்தது. முன்னால் நிற்க ஆள் இல்லை என்று தெரிந்ததும் எதிராளியின் ரைட் பேக் காவலைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டான். நம் பசங்க அடித்து அனுப்பும் பந்து எல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தது, அந்த முனையில் வாங்க ஒருவன் இருந்தால்தானே. கடைசியில் அந்த ரைட் பேக்கே வந்து கோல் போட்டான். பயந்து வீட்டுக்குள் கிடப்பான் என்று சலூன்காரர் சொன்னாரே, அந்த இடத்து ஆளேதான். இப்போது கடைசி மேட்ச் ஒன்றுதான் மிச்சம், அதில் ஜெயித்தால்தான் இந்த டிவிஷனில் இருப்போம், இல்லையென்றால் கீழே இறங்கிவிடுவோம். இறங்கினால் ஒர்க்‌ஷாப்பில் டீமுக்கு விடும் அரைநாள் பயிற்சியும் நின்றுவிடும், அதோடு டீமே கலைந்துவிடும் என்று பேசிக்கொள்கிறார்கள்.

மேட்ச் முடிந்து சட்டைகளை மூட்டையாக வாங்கும்போது காத்தாடி தன் சட்டையைத் தனியாக எடுத்து வந்து என் கையில் கொடுத்தான். காலர் வரைக்கும் சேறு. இன்னைக்கு அழுக்கு போதுமாம்மா என்று கேட்டான். மாமா எல்லாவற்றையும் உளறியிருக்கிறார். குத்திக்காட்டினானா, உண்மையாகவே கேட்டானா என்று அவன் முகத்தைப் பார்த்து எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. உன்னைத் தவிர வேறு ஒருவன் என்னை அந்தக் குரலில் அம்மா என்று கூப்பிட்டதில் எனக்குக் கோபம்தான் வந்தது, என்னை மன்னித்துக்கொள் என்று சொல்ல மாட்டேன், நீ என்னைப் புரிந்துகொள்வாய்.

வீட்டுக்கு வந்து அப்பா சாப்பிடவில்லை. மில் டீம்காரர்கள் காத்தாடியைக் கூப்பிட்டிருக்கிறார்களாம், நம்பர் தருகிறோம், உன் ஆட்டத்தை நீ ஆடு என்று. அவன் போகிறேன் என்றும் சொல்லவில்லை, இருக்கிறேன் என்றும் சொல்லவில்லை. இங்க என் ஆட்டத்தையும் விடமாட்டேங்கறீங்க, வீட்டு ஆளாவும் வெக்கமாட்டேங்கறீங்க சார் என்று மட்டும் சொன்னானாம். நான் அப்பாவிடம் கேட்டே விட்டேன். ஏங்க, அவன் முன்னால நின்னா எதிராளி பயப்படறான்னா, நம்ம பிள்ளை முன்னால நின்னிருந்தா பயந்திருக்க மாட்டானா என்றேன். தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அப்புறம், எனக்கு எப்படித் தெரியும், நான்தான் அவனை ஒரு தடவைகூட நிக்கவிடலையே என்றார். தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

அதைக் கேட்டு என் வயிற்றெரிச்சல் அடங்கும் என்று நினைப்பாய். அடங்கவில்லை, கூடத்தான் செய்தது. உனக்குச் சேர வேண்டிய புத்தி இவருக்கு இவ்வளவு தாமதமாக வந்து, வந்ததும் நேராக யாரோ பெற்ற பிள்ளையிடம் போய் நிற்கிறதே. ஆனாலும் சனிக்கிழமை கோல் எதனால் விழுந்தது என்று எனக்குத் தெரியும், வீட்டுக் கணக்கு எழுதுகிறவள் நான், என் பக்கத்தில் விழுந்ததை இன்னொருவர் பக்கத்தில் எழுத எனக்கு வராது. அதனால் அப்பா சொன்னதை இப்போது எழுதிவிட்டேன். நம்பரைக் கொடுக்கலாமா வேண்டாமா, உன் இஷ்டம். நீ வேண்டாம் என்று சொன்னால் உள்ளுக்குள் நான் சந்தோஷப்படுவேன், அதை மறைக்கவில்லை. ஆனால் உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், சரி என்று சொல். கடைசி மேட்ச் அடுத்த மாத முதல் ஞாயிறு. அதற்குள் சொல்ல வேண்டும், சொல்வதை அப்பாவுக்கே போன் போட்டு அவரிடமே சொல். சாப்ட்டியா, வேலை எப்படி என்று கேட்டுவிட்டுப் போனை என்னிடம் நீட்டப் பார்ப்பார், விடாதே, நீங்களே பேசுங்க என்று சொல். காத்தாடி முன்னால் நின்ற இடத்தில் உனக்கும் நிற்க ஆசை இருந்தது என்றால் அதையும் அவரிடமே சொல். என்னிடம் சொல்லி அனுப்பாதே, என் கை வழியாக வந்தால் உன் சரி அப்பாவிடம் முழுசாகப் போய்ச் சேரும் என்று எனக்கே நம்பிக்கை இல்லை.

ஆண்டவன் உனக்கு நல்ல உடம்பையும் நல்ல மனிதர்களின் பழக்கத்தையும் கொடுத்துக் காப்பாற்றட்டும். கடைவாய்ப் பல்லைக் காட்டச் சொன்னேனே, காட்டினாயா? தள்ளிப்போடாதே, தள்ளிப்போடுவது என்னோடு போகட்டும். இன்னொரு முறை சொல்கிறேன், போன் அப்பாவுக்கு, எனக்கில்லை.

இப்படிக்கு,
எப்போதும் உன் பக்கத்து ஆளான
அம்மா