காய்ச்சல் என்று சொன்ன நாள்

படத்தில் நிற்பது ஆறு பேர். பேரன் ஆரணன், மகன் சிவா, மருமகள் சுகந்தி, என் தமக்கை ராசமணி, அமெரிக்காவில் இருந்து வந்த பேஸ்போல் குழுவின் ஆள், நான். சுகந்தி அதைப் பெரிதாக்கி நேற்றுத்தான் சுவரில் மாட்டினாள். நீங்கள் அதில் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் ஆட்கள் ஒருவருக்கும் அந்த விளையாட்டுத் தெரியாது. நீங்கள் ஒல்லாந்தில் இருந்து எங்கள் தெருவுக்குக் குடிவந்தபோது, உங்கள் மகன் அங்கே விளையாடிய தோல் கையுறையையும் கொண்டுவந்தீர்கள். "சும்மா கிடக்குது அக்கா, தம்பி போடட்டும்" என்றீர்கள். ஆரணனுக்கு அப்போது எட்டு வயது. சேலைக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு பார்க்கில் நின்று அவனுக்குப் பந்து எறிந்தது நீங்கள். "ராசா, பந்து கடிக்காது, கிட்டப் போ!" என்று நீங்கள் கத்த, நாயோடு போகிற வெள்ளைக்காரர் நின்று பார்ப்பார்கள். நான் பார்க் வாங்குப் பலகையில் இருந்து கடலை கொறித்தேன்.

பதினேழு வயதில் அவனை அமெரிக்கக் குழு எடுத்தது. கையெழுத்து வாங்க எங்கள் வீட்டுக்கே ஆள் வருகிறார் என்றதும் ராசமணி தொடங்கினாள்.

"அவளைக் கூப்பிடாதை. அவளின்ர பெடியன் விளையாட்டை விட்டிட்டு லொறி ஓடுறான். கண் பட்டுதெண்டால் எல்லாம் குழம்பிப் போகும்."

நான் யோசிக்கக்கூட இல்லை. உங்களுக்குப் போன் எடுத்து, "தம்பிக்குக் காய்ச்சல், இண்டைக்கு இந்தப் பக்கம் வராதேங்கோ" என்றேன்.

ஒரு மணித்தியாலத்தில் வாசல் மணி அடித்தது. நீங்கள், கையில் கொத்தமல்லி அவித்த தண்ணீர்ப் போத்தலோடு. எனக்குப் பின்னால் முன்னறைக் கதவு திறந்து கிடந்தது. புதுத் தொப்பியோடு ஆரணன் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தான், எல்லாரும் கைதட்டினார்கள். நீங்கள் பார்த்தீர்கள். போத்தலை என் கையில் தந்து, "சூட்டோட குடுங்கோ அக்கா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினீர்கள்.

அதற்குப் பிறகும் கோயிலில் என் பக்கத்தில்தான் இருந்தீர்கள். ஒரு சொல் கேட்கவில்லை. நாற்பது வருடத்துக்கு முந்திய கலியாண வீட்டில் யார் எனக்குத் தேத்தண்ணி தரவில்லை என்பதுகூட மறக்காதவள் நான். நீங்கள் மறந்திருப்பீர்கள் என்று எப்படி நம்புவேன்?

உங்கள் செத்தவீட்டில் உங்கள் மகள் என் கையைப் பிடித்தாள்.

"கையெழுத்து வைச்ச அண்டைக்குத் தம்பிக்குச் சரியான காய்ச்சலாமே அன்ரி. அதாலதான் நீங்கள் ஒருத்தரையும் கூப்பிடேல்லை எண்டு அம்மா சொன்னவ."

பெட்டியில் கிடந்த உங்களுக்கு முன்னால் நின்றுகொண்டு, "ஓம் பிள்ளை" என்றேன்.

ராசமணியோடு இன்னும் கதைப்பதில்லை. என்றாலும் அவளை என்றைக்காவது மன்னித்துவிடுவேன். அவள் பயத்தில் சொன்னாள். அந்த "ஓம்" எனக்கு யாரும் சொல்லித்தந்தது இல்லை. அதைச் சொன்னவள் பாக்கியம், நான்தான். அவளை மன்னிக்க மாட்டேன்.