உன் பெயரில் நான் வைத்த புள்ளிகள்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் நலம், அப்பா நலம், அப்பாவின் குறட்டை எங்கள் இருவரையும்விட நலம். அங்கே உன் நலமும், உன் வயிற்றில் போட்ட தையலின் நலமும் தெரிந்துகொள்ள ஆசை. தையல் விஷயம் இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று முழிக்காதே, அதற்கு வருகிறேன். உன் அம்மா எதையும் நேராகச் சொல்லி முடித்ததில்லை என்பது உனக்குத் தெரியாததா, கொஞ்சம் பொறுத்துக்கொள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் நம் தெருவே குடிபெயர்ந்தது. பயப்படாதே, வீடுகள் எல்லாம் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன, இணையத்தில்தான் மாறினோம். எல்லாம் மருந்துக்கடைக்காரர் வீட்டுப் பூனையால் வந்தது. அது காணாமல் போனதும் அவர், ஊரே படம் போட்டு விருப்பம் சொல்லும் அந்தப் பெரிய தளத்தில், நம் தெருக் குழுவில், படத்தோடு போட்டிருக்கிறார். எனக்கு அந்த அறிவிப்பு ஒன்பதாம் நாள்தான் கண்ணில் பட்டது. பதறிப்போய்க் கடைக்கு ஓடி ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தால், பூனை கல்லாப் பெட்டி மேல் உட்கார்ந்து என்னையே பார்க்கிறது. மூன்றாம் நாளே வந்துவிட்டதாம். தெருவில் பாதிப் பேருக்கு இதே கதைதான். அப்போதுதான் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் மாமா, தன் கடையில் சும்மா கிடந்த கம்ப்யூட்டர் ஒன்றை மேசைக்கு அடியில் வைத்து, நமக்கென்று தனியாக ஒரு இடம் செய்து தந்தார். ஒரே ஆள் நடத்தும் பெரிய மண்டபம் இல்லையாம் இது. இப்படி ஆயிரக்கணக்கான சின்ன வீடுகள் உலகம் பூராவும் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர், ஒரு சட்டதிட்டம், ஆனால் ஒரு வீட்டில் இருப்பவர் இன்னொரு வீட்டில் இருப்பவரோடு பேசலாம் என்று எனக்கு மூன்று தடவை விளக்கினார். மூன்றாம் தடவைதான் புரிந்தது. எனக்குப் பிடித்தது என்னவென்றால், பெரிய தளம் மாதிரி தனக்குத் தோன்றியதைத் தோன்றியபோது காட்டாமல், யார் எப்போது எழுதினார்களோ அந்த வரிசையிலேயே வரும், எங்கள் லேபில் ரத்தம் எடுக்க டோக்கன் கொடுப்பது மாதிரி. பதினான்காம் டோக்கனை விட்டுவிட்டு நாற்பதாவது ஆளைக் கூப்பிட்டால் என்னைச் சும்மா விடுவார்களா, சொல்.

மாமா போட்ட சட்டம் இரண்டுதான். காலை வணக்கப் படம் அனுப்பக் கூடாது, பதினைந்து நாள் ஒரு வார்த்தையும் எழுதாத கணக்கை மூடிவிடுவார், ஏனென்றால் கம்ப்யூட்டரில் இடம் போதாது. முதல் சட்டத்தில் உன் அப்பாவுக்கு உயிரே போய்விட்டது. நானூறு ரோஜாப்பூ சேர்த்து வைத்திருந்தார் மனிதர். நடுவில் ஒரு நாள் மாமாவின் சம்சாரம் அயர்ன் பாக்ஸுக்காக அந்தக் கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட, மத்தியானம் முழுக்க அதில் இருக்கும் அறுபத்திரண்டு பேருக்கும் பேச்சு மூச்சு இல்லை. உனக்கு வருகிறதா உனக்கு வருகிறதா என்று ஆளாளுக்கு வாசலுக்கு வந்து விசாரித்து, அப்படியே நின்று ஒரு மணி நேரம் பேசிவிட்டுத்தான் உள்ளே போனோம். நானும் என் பங்குக்கு ஒரு காரியம் செய்தேன். உன் சித்திக்கு மட்டும் என்று நினைத்து அப்பாவின் குறட்டையைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன், அது ஊர் உலகத்துக்கே போய்விட்டது. வேறு ஏதோ ஒரு வீட்டில், எங்கேயோ கடல் தாண்டி இருக்கும் லாரி டிரைவர் ஒருவர், தானும் அப்படித்தான், ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள் என்று பதில் போட்டார். அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பார்த்தால் அந்த டிரைவரோடு தலையணை உயரம் பற்றித் தீவிரமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்.

அங்கே உனக்கும் ஒரு கணக்கு திறந்து வைத்தேன். மூன்று முறை உனக்கு அழைப்பு அனுப்பினேன், நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேலை அதிகம் போலிருக்கிறது, இல்லையென்றால் சோம்பல் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் பதினைந்து நாள் சட்டம் இருக்கிறதே, உன் இடம் போய்விடக் கூடாதே. அதனால் பதினான்காம் நாள் நானே உன் பெயரில் நுழைந்து ஒரு புள்ளி வைத்தேன். வெறும் புள்ளி, வேறொன்றும் இல்லை. அதற்கே மருந்துக்கடைக்காரர் "தம்பி, எப்படிப்பா இருக்கே?" என்று கேட்டிருந்தார். எதிர்வீட்டு டீச்சர் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டார். இதுவரை நான்கு புள்ளி வைத்தாயிற்று. புள்ளி யாருடையது என்று மாமாவுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருக்கிறார்.

போன வாரம் உன் சித்தி மகள் போனில் எதையோ பேசிக்கொண்டே வந்தவள் "அண்ணனுக்குத் தையல் போட்ட இடம் நல்லா ஆறிடுச்சா பெரியம்மா?" என்று கேட்டாள். எந்தத் தையல் என்று கேட்டேன். அவள் பெரிய தளத்தில்தான் பார்த்தாளாம். அங்கே போய்த் தேடினேன். உன் பக்கத்தில் நான்கு மாதம் கீழே இறங்கியபின் கிடைத்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ, கையில் பட்டை, வறண்ட உதடு, குடல்வால் எடுத்தாயிற்று, தனியாகத்தான் இருக்கிறேன் என்று ஒரு வரி. அதற்கு நாற்பத்தோரு பேர் விருப்பம் சொல்லியிருந்தார்கள். அதில் என் பெயர் இல்லை. நீ காபிக் கோப்பையைப் படம் எடுத்துப் போட்டாலும் முதல் ஆளாகக் கைதட்டுகிற உன் அம்மாவின் பெயர் இல்லை. அந்த வாரம் எனக்கு அந்தத் தளத்துக்காரர்கள் காட்டியதெல்லாம் தோசைக்கல் விளம்பரமும், முகம் தெரியாத யாரோ வீட்டுக் கல்யாண ஆட்டமும். ஒரு நாளைக்கு எண்பது பேர் கையைத் தடவி நரம்பு தேடுகிறேன், ஊசி குத்தும்போது பயப்படாதீர்கள் என்று சொல்கிறேன். என் பிள்ளை கையில் யாரோ ஊசி குத்தியபோது எனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அதன்பிறகுதான் உன் போன் குறைந்தது, எது கேட்டாலும் "ம்", "சரிம்மா". அம்மா பார்த்துவிட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று நினைத்துவிட்டாய், இல்லையா? நான் பார்க்கவில்லை கண்ணா. பார்த்திருந்தால் கேட்காமல் இருப்பேனா. உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு, ஊருக்கே படம் போட்டவன் எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். ஆனால் அது அப்புறம், முதலில் என் மன்னிப்பு. போனில் சொன்னால் அழுதுவிடுவேன், நீயும் "விடுங்கம்மா" என்று வைத்துவிடுவாய். அந்தத் தளத்தில் எழுதினால் உனக்குக் காட்டுவார்களோ மாட்டார்களோ. அதனால்தான் தபால்.

கனமான பையைத் தூக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு, வலித்தால் வலிக்கிறது என்று சொல். அப்பா உனக்கு ஆசீர்வாதமும், சட்டத்தை மீறி ஒரு ரோஜாவும் அனுப்பச் சொன்னார், பின்பக்கத்தில் அவரே வரைந்திருக்கிறார், முட்டைக்கோஸ் என்று நினைத்துவிடாதே. நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் நடந்து, நூறு வயது இரு.

ஒன்றை மறந்துவிடாதே. அடுத்த புள்ளிக்கு இருபத்தேழாம் தேதி கெடு. கடவுச்சொல் நீ முதல் முதலில் பேசிய வார்த்தைதான், உனக்கே தெரியும். இந்தத் தடவை நான் வைக்கப் போவதில்லை. அன்றைக்கு லேபுக்கு விடுப்புச் சொல்லிவிட்டேன், காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

என்றும் உன்,
அம்மா