வீட்டில் எத்தனை பேர் வண்டி ஓட்டுகிறார்கள்

மில்ஃபோர்க், ஒஹாயோ
மே 6

என் கரடிக்கு,

நீ செத்து நாலு மாதம் ஆகிறது. இதை எந்தத் தபால்காரனும் உன்னிடம் கொண்டு வரமாட்டான் என்று தெரியும். ஆனாலும் வேறு யாருக்கு எழுத?

கல்யாணமான நாளிலிருந்து வண்டி இன்சூரன்ஸ் உன் வேலை. நீ போன பிறகு உன் பேருக்கு வந்த உறைகளைப் பிரிக்க எனக்குக் கை வரவில்லை. ரொட்டி டப்பாவில் போட்டு மூடினேன். இன்சூரன்ஸ் நின்றுபோன செய்தி அதற்குள்ளேதான் இருந்திருக்கிறது. பிப்ரவரியில் ஷெரிஃப் ஆள் பாலத்தில் வண்டியை நிறுத்தி இன்சூரன்ஸ் காகிதம் கேட்டான். லைசென்ஸை மூன்று மாதம் முடக்கிவிட்டார்கள்.

நேற்று அது திரும்பி வந்தது. ஆனால் பதினைந்து நாளுக்குள் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி என்னைச் சேர்த்துக்கொண்டு, மாநிலத்துக்குச் சான்று அனுப்ப வேண்டும். இல்லையென்றால் மறுபடியும் போய்விடும்.

முதியோர் இல்லத்துச் சமையல் வேலைக்கு இதுவரை பக்கத்து வீட்டு ஹெஸ்டர்தான் கூட்டிப் போகிறாள். ஜூனில் மகள் வீட்டோடு போகிறாள். "ஏண்டி லவீனா, அப்புறம் பதினாலு மைல் தவழ்ந்தா போவ?" என்கிறாள். வேலையும் போனால் நான் என்ன செய்வேன்?

உன் லவீனா

மே 9

கரடி,

இன்சூரன்ஸ் ஆபீசில் ட்ரீனா என்று ஒரு சின்னப் பெண். நல்ல பெண்தான், நகம் மட்டும் கரண்டி நீளம்.

"வீட்ல எத்தன பேர் வண்டி ஓட்டறீங்கம்மா?" என்றாள்.

"ரெண்டு பேர்" என்றேன். முப்பத்தோரு வருடமாகச் சொன்ன பதில், வாய் தானாகச் சொல்லிவிட்டது. பேர் கேட்டாள், உன் பேரையும் சொன்னேன். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தாள்.

"உங்க வீட்டுக்காரர் வண்டியில இடிச்சது ஒரே வருஷத்துல சர்ச் வேலி, தபால் பெட்டி, அப்புறம் இன்னொரு தபால் பெட்டியா?"

"அந்த ரெண்டாவது பெட்டிய ரோட்டு மேலயே நட்டு வெச்சிருந்தாங்க கண்ணு" என்றேன். உன்னை விட்டுக்கொடுக்கவில்லை.

"இவரச் சேத்தா கம்பெனி எடுக்காதும்மா. இந்த வண்டிய இவர் தொடமாட்டார்னு எழுதிக் குடுத்தா முடிச்சிரலாம். கீழ நீங்க ஒரு கையெழுத்து, அவர் ஒரு கையெழுத்து."

அப்போதே சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டிவிட்டுக் காகிதத்தோடு வந்துவிட்டேன். செத்துப்போனார் என்று என் வாயால் இன்னும் யாரிடமும் சொன்னதில்லை. எல்லாருக்கும் உன் தம்பிதான் சொன்னான்.

லவீனா

மே 14

கரடி,

உன் மீன்பிடி லைசென்ஸைப் பார்த்து உன் கையெழுத்தை ஆறு தடவை போட்டுப் பார்த்தேன். கடைசி எழுத்தின் வால் மட்டும் உன்னுடையது போல வரவில்லை.

ஹெஸ்டர் வந்து பார்த்துவிட்டாள். "செத்தவன் கையெழுத்தப் போட்டுக் குடுத்தேன்னா லைசென்ஸ் மட்டுமா போகும்? உன்னயும் உள்ள வெப்பாங்க. உன் சமையல அங்க எவ சாப்பிடுவா?" என்றாள். சிரித்தேன், பிறகு அழுதேன். அவளும் உட்கார்ந்துவிட்டாள். "போய்ச் சொல்லிரு லவீனா. ஒரு வார்த்தைதான்" என்றாள்.

அவளுக்கு ஒரு வார்த்தை.

லவீனா

மே 16

என் கரடிக்கு,

சொல்லிவிட்டேன்.

"அவர் கையெழுத்துப் போடமாட்டார் கண்ணு. ஜனவரியில செத்துப்போயிட்டார்" என்றேன். ட்ரீனா நகத்தை மேசைக்கு அடியில் மறைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா."

"நீ யார் ஓட்டறாங்கன்னுதான கேட்ட? உயிரோட இருக்காரான்னு கேக்கலயே."

அவள் புதுக் காகிதம் எடுத்தாள். வீட்டில் வண்டி ஓட்டுபவர்: ஒருவர். விதவை என்ற கட்டத்தில் நானே குறி போட்டேன். சான்று நேற்று மாலையே மாநிலத்துக்குப் போய்விட்டது. மூன்று வருடம் ஒரு தவணைகூட விடாமல் பணம் கட்டவேண்டும், கட்டுவேன். உறைகளை எல்லாம் இப்போது வந்த அன்றே பிரிக்கிறேன்.

இன்று காலை நானே ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீ போன பிறகு, ஷெரிஃப் ஆள் நிறுத்திய நாள் வரைக்கும், முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துத்தான் ஓட்டினேன், நீ தள்ளி வைத்த சீட்டை நகர்த்த மனமில்லாமல். இன்று அதை முன்னால் இழுத்துவிட்டேன். பிரேக்கில் கால் நன்றாகப் பதிகிறது.

உன் கால் ரொம்ப நீளமாச்சே, கரடி. உனக்கு இடிக்குமா?

உன் லவீனா