யாருடைய வாசலும் இல்லாத இடம்

அச்சுவேலி,
05.06.2025

அன்பு மருமகள் தக்சாயினிக்கு மாமா முத்துக்குமாரு எழுதுவது. இங்கே நானும் என் சைக்கிளும் சுகம். ஒஸ்லோவில் நீயும் மாப்பிள்ளையும் தொட்டிலில் கிடக்கிற சின்னவரும் குளிர் பிடிக்காமல் இருக்க முருகன் ஒரு கண் வைத்திருக்கட்டும்.

போனில் சொல்லாமல் ஏன் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன் என்று யோசிப்பாய். போனில் நான் ஒன்று தொடங்க, நீ ஒன்பது கேள்வி கேட்பாய். கடிதத்தில் ஒருத்தரும் குறுக்கே கதைக்க ஏலாது.

உன் கலியாணத்தோடு கொம்மாவும் கொண்ணன் சிவரூபனும் கதைப்பதை விட்டு ஆறு வருஷம். ஆமி காணியை விட்டபிறகு சிவரூபன் கல்லுச் சுமந்து திருப்பிக் கட்டின தெல்லிப்பழை வீட்டை, அவனை ஒரு சொல்லுக் கேளாமல் அக்கா உனக்குச் சீதனமாய் எழுதினா. அவன் "இனி இந்தப் படலை தாண்டமாட்டன்" என்றான். அவ "நானும் உன்ரை வாசல் மிதிக்கமாட்டன்" என்றா. அவன் கொடிகாமத்தில் பெண்சாதி கஜானியின் வீட்டோடு போய்விட்டான். மகள் ஆரணிக்கு ஐந்து வயது. அப்பம்மாவின் முகம் தெரியாது. இதெல்லாம் நீ அறிந்ததுதான். ஆனால் ஒழுங்காய்ச் சொன்னால்தான் என் மூளையின் வேலை உனக்கு விளங்கும்.

கோயிலில் சந்திக்க வைத்தால் இரண்டு பேரும் சாமியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கலியாண வீடென்றால் ஒருத்தர் முதல் பந்தி, மற்றவர் கடைசிப் பந்தி. ஆகவே நான் பிடித்த இடம் பறவைப் பூங்கா! கொடிகாமத்துக்கு இந்தப் பக்கம் புதிதாய்த் திறந்தது. அது கொம்மாவின் படலையும் இல்லை, கொண்ணனின் வாசலும் இல்லை. ஒருவரின் சபதமும் பழுதாகாது. இப்படி ஒரு வழி கோட்டில் வழக்குப் பேசுகிற அப்புக்காத்துமாருக்கும் ஓடியிராது.

பூங்காக்காரர் என் சொல்லுக்கு மறுசொல் சொல்லாத ஆள். முன்னூறு வகைப் பறவை. ஒரு தீக்கோழி என்னைக் கண்டால் தலை குனியும். போன கிழமை இங்கிருந்து சைக்கிளிலேயே போய்ப் பார்த்தேன். ஒரு மினிபஸ் என்னைப் பிடிக்கப் பார்த்துக் களைத்துப்போனது. அறுபத்தெட்டு வயது முழங்கால் என்று ஆரும் நம்பமாட்டார்கள்.

29ஆம் திகதி, ஞாயிறு. மிச்சத்தை மாமாவிடம் விடு.

உன் தாய்மாமன்,
அச்சுவேலிச் சிங்கம்
முத்துக்குமாரு


ஒஸ்லோ,
09.06.2025

அன்புள்ள மாமா,

கடிதத்தை வாசித்துச் சிரித்தேன். பிறகு சின்னவனைத் தூக்கி வைத்துக்கொண்டு கொஞ்சம் அழுதேன்.

வீட்டை அண்ணாவுக்கே எழுதித் தருகிறேன் என்று நான் கேட்காத நாள் இல்லை. "சீதனத்தைத் திருப்பினால் மாப்பிள்ளை உன்னை விட்டிட்டான் எண்டு ஊர் சொல்லும், வாயை மூடு" என்கிறா அம்மா. "தங்கச்சியின்ரை சீதனத்திலை போய் நான் இருக்கிறதோ?" என்கிறான் அண்ணா. என் பேரில் ஒரு வீடு, அதற்குள் அம்மா தனியே, அந்த நாயோடு. அண்ணா போனபிறகு வளர்த்த நாய். தபால்காரரையும் விடாது, அண்ணா வந்தால் அவனையும் கடிக்கும்.

எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும், மாமா. இரண்டு பேரும் ஒரு படத்தில். சிரிக்கத் தேவையில்லை, பக்கத்தில் நின்றால் போதும். அம்மாவுக்கு எழுபத்திரண்டு ஆகிறது. கைப்பிள்ளையோடு என்னால் இப்போதைக்கு அங்கே வர ஏலாது.

உண்மையாகவே அவர்கள் வருவார்களா?

உங்கள் மருமகள்
தக்சாயினி


அச்சுவேலி,
14.06.2025

அன்பு மருமகளே,

வருவார்களாவோ? நான் போய் நின்றாலே போதும்!

காலையில் தெல்லிப்பழை. அக்கா அடுப்படியில். "அக்கா, உன்ரை மோன் என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதவன். அம்மாவிட்டை ஒருக்கா மன்னிப்புக் கேட்டால்தான் எனக்கு நித்திரை வரும் எண்டவன்" என்றேன். அவ அகப்பையைக் கீழே வைத்தா.

"அவனே கேட்டவன்?"

"ஓமக்கா, அவனேதான்."

"எண்டால் வாறன். அவன் கேக்கட்டும்."

பின்னேரம் கொடிகாமம். "தம்பி, கொம்மா என்ரை கையைப் பிடிச்சு அழுதவ. பிள்ளைக்குப் பிழை செய்திட்டன், அதை அவனிட்டை வாய்விட்டுச் சொல்லோணும் எண்டவ." சிவரூபன் மோட்டார்சைக்கிள் துடைத்த துணியைக் கீழே போட்டான்.

"அம்மாவே சொன்னவ?"

"ஓமடா, அவவேதான்."

"எண்டால் வாறன். அவ சொல்லட்டும்."

அவர்கள் அழுதார்களா என்று நீ கேளாதே. மனதுக்குள் அழுதார்கள், நான் அதை வெளியே எடுத்துச் சொன்னேன், அவ்வளவுதான். படத்துக்குச் சட்டம் வாங்கி வை.

சிங்கம் மாமா


அச்சுவேலி,
30.06.2025

மருமகளே,

படம் அனுப்பியிருக்கிறேன். ஒரு தொங்கலில் நிற்பது கொம்மா. மற்றத் தொங்கலில் கொண்ணன். நடுவில் கையை விரித்துக்கொண்டு பல்லுத் தெரிய நிற்பது நான். பின்னால் மயில். ஒரே படம்தான்.

கொம்மா விடியவே வெளிக்கிட்டு நின்றா. கையில் மூன்று தட்டுச் சாப்பாட்டுக் கரியர். மேலே பயத்தம் பணியாரம், நடுவில் புட்டு, கீழே கத்தரிக்காய்க் குழம்பு. எல்லாம் கொண்ணன் விரும்பிச் சாப்பிடுவது. "ஆருக்கக்கா?" என்றேன். "எனக்குப் பசிக்கும்" என்றா. தனி மனுசிக்கு மூன்று தட்டு!

பூங்காவில் கொம்மா அவனைப் பார்த்தா, கேட்பான் என்று. அவன் அவவைப் பார்த்தான், சொல்லுவா என்று. பிறகு இரண்டு பேரும் மயிலைப் பார்த்தார்கள். நான் சும்மா நிற்கவில்லை. அந்த மயிலைக் கதிர்காமத்திலிருந்து என் கூட்டாளிதான் கொண்டுவந்தவர் என்று சொன்னேன். கூடு கழுவின மனுசி, "இல்லை ஐயா, அது இங்கை பொரிச்சது" என்றா. தீக்கோழியைக் காட்டினேன். ஆரணி பலகையை எழுத்துக்கூட்டி வாசித்து, "தாத்தா, இது ஈமுவாம்" என்றாள். அது எனக்குத் தலையும் குனியவில்லை.

கொம்மா என்னை ஒரு பக்கமாய் இழுத்தா. "தம்பி, உவன் ஏன் வாயைத் திறக்கிறானில்லை?"

கொண்ணன் மறுபக்கம் இழுத்தான். "மாமா, அம்மா எப்ப சொல்லப்போறா?"

"கொஞ்சம் பொறுங்கோ" என்று இரண்டு பேருக்கும் சொன்னேன். அதற்குமேல் என் வாயில் ஒன்றும் வரவில்லை. எனக்கு, பிள்ளை! எனக்கு வரவில்லை!

மத்தியானம் வேம்புக்குக் கீழே கொம்மா கரியரைத் திறந்தா. ஒருவர் கையால் மற்றவர் செம்புத் தண்ணியும் வாங்காத பகை. கொண்ணன் எழும்பி லவ்பேர்ட்ஸ் கூட்டுக்குப் போய்விட்டான். கஜானி தலையைக் குனிந்துகொண்டாள். ஆரணிக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியாதே. நேரே வந்து அப்பம்மாவுக்கு முன்னால் சப்பாணி கட்டி இருந்து பணியாரம் தின்னத் தொடங்கினாள். கொம்மா சீலைத் தலைப்பால் அவள் வாயைத் துடைத்தா.

வெளிக்கிடும்போது பிள்ளை கரியரை விடமாட்டேன் என்று கட்டிப்பிடித்தாள். வாங்கப் போனேன்.

"பிள்ளையிட்டையிருந்து பறியாதை" என்றா கொம்மா.

அவ அங்கே சத்தமாய்க் கதைத்தது அது ஒன்றுதான். அதுவும் எனக்கு. கொண்ணனுக்குக் கேட்டது. மோட்டார்சைக்கிளில் அவனுக்கும் கஜானிக்கும் நடுவில் ஆரணி, அவள் மடியில் கரியர். அப்படியே போய்விட்டார்கள்.

மாமா முத்துக்குமாரு


ஒஸ்லோ,
03.07.2025

மாமா,

அண்ணா போன் எடுத்தான். "அம்மா அழுதவ எண்டு சொல்லித்தான் மாமா கூப்பிட்டவர். அவ ஒரு சொல்லுச் சொல்லேல்லை. என்னைக் கூப்பிட்டு வைச்சு அவமானப்படுத்தினவ." பிறகு அம்மா எடுத்தா. அதே கதை, ஆளை மட்டும் மாற்றி.

அப்பாவின் செத்தவீட்டிலேயே அழாத மனுசி அம்மா. அவ உங்கள் கையைப் பிடித்து அழுதா என்று எழுதியபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கியதுதான். நம்ப ஆசையாய் இருந்தது.

இப்போது இரண்டு பேரும் மற்றவர் வாக்கு மாறிவிட்டார் என்று நினைக்கிறார்கள். உள்ளதைச் சொன்னால் "அப்ப அவன் கேட்கவே இல்லையோ" என்று இன்னும் நோகும். சொல்லாவிட்டால் இப்படியே கிடக்கும். நான் என்ன செய்ய? இங்கே இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் போகாது. யன்னலுக்குப் பக்கத்தில் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பார்க்கிறேன். உங்களை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு தொங்கலையும் ஒட்டிப் பார்த்தேன், மாமா. ஒட்டவில்லை.

உங்களில் கோபம் இல்லை. கோபப்படவும் ஏலாமல் இருக்கிறது.

தக்சாயினி


அச்சுவேலி,
24.07.2025

பிள்ளை,

நீ கேட்டதை மூன்று கிழமை சுமந்துகொண்டு திரிந்தேன். கரியரைப் பற்றி எழுதுகிறேன்.

சாப்பாடு வந்த ஏனத்தை வெறுமையாய்த் திருப்புவது எங்களிடம் இல்லை. கஜானி அதற்குள் பலாச்சுளை வைத்திருக்கிறாள். கொண்ணன் எனக்குப் போன் எடுத்தான். "மாமா, நீங்கள்தானே சைக்கிளிலை பறக்கிற ஆள். வந்து வாங்கிக்கொண்டுபோய் அம்மாவிட்டைக் குடுங்கோ."

"முழங்கால் ஏலாது தம்பி" என்றேன்.

அடுத்த நாள் கொம்மா. "என்ரை கரியரை ஒருக்கா வாங்கியந்து தா."

"முழங்கால் ஏலாதக்கா."

"போன மாதம் மினிபஸ்ஸை முந்தினனி?"

"அது கூட்டிச் சொன்னது."

உனக்கு மட்டும் சொல்கிறேன், என் முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. சைக்கிளுக்குக் காற்றைத் திறந்துவிட்டு மூலையில் சாத்தியிருக்கிறேன். சந்தைக்கு நொண்டி நொண்டித்தான் போகிறேன். சிங்கம் கிழண்டுபோச்சு என்கிறார்கள். சொல்லட்டும். நான் கொண்டுபோய்க் கொடுத்தால் கரியர் போய்ச் சேரும். வேறொன்றும் போய்ச் சேராது.

பலாச்சுளை பழுதாகிவிட்டது. கொட்டிவிட்டு மாம்பழம் வைத்தாளாம். அதுவும் அழுகிவிட்டது. கொண்ணன் இரண்டு தரம் கரியரோடு தெல்லிப்பழைக்கு வெளிக்கிட்டு, பாதி வழியில் அச்சுவேலிச் சந்தியோடு திரும்பினவனாம். இப்போது வறுத்த கச்சான் கடலை இருக்கிறது. அது கொஞ்ச நாள் கிடக்கும்.

நேற்று பஸ்ஸில் தெல்லிப்பழைக்குப் போனேன். படலையில் கை வைத்துக்கொண்டு நாய்க்குப் பயந்து நின்றேன். வரவில்லை. கிணற்றடியில் கட்டியிருந்தது, பட்டப்பகலில். "ஏனக்கா நாயைக் கட்டினனி?" என்றேன்.

"குலைக்குது" என்றா.

அது சத்தமில்லாமல் படுத்திருந்தது. வெளிக்கிடும்போது பக்கத்து வீட்டுத் துஷாந்தினியிடம் விசாரித்தேன். பூங்காவுக்குப் போய்வந்த மறுநாளிலிருந்து பகலில் அதை அவிழ்க்கிறதே இல்லையாம்.

இதைக் கூட்டி எழுதவில்லை, பிள்ளை. கட்டித்தான் இருக்கிறது.

மாமா