பிறந்த ஊர் உடன்குடி

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆக்லாந்திலிருந்து தங்கள் மூத்த மகன் ஜெபசிங், என் பிறப்புச் சான்றிதழ் குறித்து எழுதுகிறேன். நான் நலம், தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன்.

இங்கே என் வசிப்புரிமைக்கும், அதன்வழி தங்கள் மருமகள் ஜெயஷீலா என்னிடம் வருவதற்கும் அச்சான்றிதழ் தேவை. அப்பாவின் ஊரான நாசரேத்தில் என் பிறப்பு பதிவாகவில்லை என்று அங்குள்ள பதிவு அலுவலகத்திலிருந்து பதில் வந்ததும், எழுத்தர் சரியாகத் தேடவில்லை என விதி எண்களுடன் ஆட்சியருக்குப் புகார் அனுப்பினேன். ஞாயிறன்று தொலைபேசியில் இதைச் சொன்னபோது தாங்கள் சிரித்தீர்கள்: "ஏலே, தலப்பிரசவத்த மாமியார் வீட்டுலயா வைப்பாவ? நீ பொறந்தது உடன்குடியிலல்லா!" ஐம்பது வயதுவரை எல்லாப் படிவங்களிலும் அப்பாவின் ஊரையே பிறந்த ஊராக எழுதி வந்திருக்கிறேன், கடவுச்சீட்டிலும் அதுவே உள்ளது.

இத்துடன் உள்ள அதிகாரக் கடிதத்தைத் தம்பி சாலமோனிடம் கொடுத்து, உடன்குடியில் சான்றளித்த நகல்கள் மூன்று பெறச் சொல்லுங்கள். அவற்றை எனக்கு அனுப்பும் உறையின் மேல் முகவரியை மட்டும் தங்கள் கையாலேயே எழுதுங்கள்.

கடவுச்சீட்டைத் திருத்தச் சில மாதங்கள் ஆகும், அதுவரை வசிப்புரிமை கிடைக்காது. இப்போது அந்த எழுத்தருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதுகிறேன். முடித்ததும் ஜெயஷீலாவை அழைத்து, இந்தக் கிறிஸ்துமஸுக்கும் அவள் வர இயலாது என்று நானே சொல்லப்போகிறேன்.