ஒரே மூச்சில் எத்தனை ஸ்டேஷன்

திருநின்றவூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள ஆன்சனுக்கு,

அப்பாவுக்கு ஏத்தறது கீமோ இல்லம்மா, ஒண்ணும் ஆகாது என்று சொல்லி எங்களை ஏமாற்றியவன் நீ. அந்தப் பனியில் நீ சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன், இங்கே சுகமில்லை. போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறேன், முழுக்கப் படி.

அப்பாவின் நுரையீரல் புற்றுநோய்க்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுகிறார்களே உடம்பின் எதிர்ப்புசக்தியைக் கிளப்பிவிடும் மருந்து, மூன்றாம் தடவைக்குப் பிறகு முதுகெல்லாம் சிவப்பாகத் தடித்து, காய்ச்சலும் வந்தது. முடி கொட்டவில்லை, வாந்தி இல்லை, மருந்தால்தான் என்று எனக்கு எப்படித் தோன்றும்? பக்கத்து வீட்டு ராணி எட்டிப் பார்த்துவிட்டு, அய்ய, அம்மை போட்டுகீதுக்கா, தலைக்கு ஊத்தற வரைக்கும் ஆஸ்பத்திரி பேச்சே எடுக்காதே, ஆத்தா கோவிச்சுக்கும் என்றாள். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற நான் வாசலில் வேப்பிலை செருகினேன். அப்பா, மாதாவும் ஆத்தாவும் பேசி ஒரு முடிவுக்கு வரட்டும் லூர்து என்று சிரித்தார், சிரிப்பு இருமலாகி நிற்கவேயில்லை. ஆறு நாள் அப்படியே இருந்தோம். ஆஸ்பத்திரியில் ஸ்வீட்லின் நர்ஸ் போன் நம்பர் போட்டுத் தந்த மஞ்சள் அட்டை அலமாரியிலேயே கிடந்தது. புதுசா எது வந்தாலும் எனக்கு ஒரு போன் போடுங்கம்மா, தொந்தரவுன்னு நினைக்காதீங்க என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். நான் போடவில்லை.

அவளே போட்டாள். இன்னா இக்னேஷியஸ் நைனா, முப்பது வருஷம் ரயில்ல போனீங்களே, ஸ்டேஷன் பேரெல்லாம் ஒரே மூச்சுல சொல்லுங்க என்றாள். போன மாதம் ஒரே மூச்சில் வில்லிவாக்கம் வரை சொன்னவர் அன்று நெமிலிச்சேரி, பட்டாபிராம், இந்துக் கல்லூரி என்று நின்றுவிட்டார். அம்மை என்று வேப்பிலை செருகியதைச் சொன்னேன். வேப்பிலைய அப்புறம் பார்க்கலாம், இப்பவே வண்டி புடிங்க என்றாள், குரலே மாறிவிட்டது. தடிப்பு, இருமல் எல்லாம் மருந்தின் வேலையாம், நுரையீரல் உள்ளே வீங்கியிருந்தது. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் ஆள் இல்லை என்றார் டாக்டர். ஒன்பது நாள் ஸ்டீராய்டு ஊசி, இப்போது வீட்டில் அதே மாத்திரை, வாரா வாரம் குறைக்க வேண்டும்.

அந்த ஸ்வீட்லினை ஒப்பந்தம் முடிந்ததென்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். முன்பக்கம் கண்ணாடிச் சுவர் எழுப்புகிறார்கள், போன் எடுக்க ஒரு நர்ஸை வைக்க மாட்டார்களாம். மருந்தை ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போ என்றால் ஆயிற்றா, அப்புறம் மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்பது யார் வேலை? அட்டையில் உள்ள நம்பர் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆளில்லை. மூச்சு வாங்குகிறது என்றால் தெரு முனை கிளினிக்கில் சளி என்கிறார்கள், மருந்தின் பெயரைச் சொன்னால் முழிக்கிறார்கள். டாக்டர் வெள்ளிக்கிழமைதான் வருவார்.

நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. மாதா உன்னைக் காப்பாளாக.

உன் அம்மா,
லூர்தம்மாள்

பி.கு. இன்றிலிருந்து நான்கு மாத்திரையை மூன்றாக்க வேண்டும். நேற்று அண்ணனூர் வரை சொன்னவர் இன்று காலை பட்டாபிராமில் நின்றுவிட்டார். குறைக்கவா, வேண்டாமா? ஒண்ணும் ஆகாது என்று எழுதாதே. யாரைக் கேட்பது என்று எழுது.