முதல் பெஞ்சில் இருப்பவளைக் காணோமாம்

அன்புள்ள சிட்டு,

இங்கே அப்பா, நான், உன் தம்பி மூவரும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நானாகவே நம்பிக்கொள்கிறேன், ஏனென்றால் போனில் கேட்டால் நல்லா இருக்கேன்மா, மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடுறேன் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் எந்தக் கிழமையில் வரும் என்று உன் அப்பா காலண்டரில் தேடிக்கொண்டிருக்கிறார். அதனால்தான் கடிதம். இதை நடுவில் கட் பண்ண முடியாது பார்.

அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. மாடிப்படி ஏறாதீங்க என்று டாக்டர் சொன்னதும் சொன்னார், மொட்டை மாடியில் துணி காயப்போடுவது, எடுப்பது எல்லாம் என் தலையில் விழுந்தது, ஆனால் டிப்போவில் பஸ்ஸுக்குப் பஸ் ஏறி இறங்கி டிரைவர்களோடு வம்பளப்பது மட்டும் குறையவில்லை, கேட்டால் அது மாடிப்படி இல்லை, பஸ் படி என்கிறார். தம்பிக்கு அச்சகத்தில் வேலை நிரந்தரமாகிவிட்டது. முதல் சம்பளத்தில் எனக்குச் செருப்பு வாங்கி வந்தான், ஒரு அளவு பெரிது, மனசு நோகக் கூடாது என்று பஞ்சு வைத்துப் போட்டுக்கொண்டு போகிறேன். சமையலறைக் குழாய் ஒழுகியதே, அதை அவனே சரி செய்கிறேன் என்று உட்கார்ந்தான், இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. நீ அங்கே ராத்திரிச் சாப்பாட்டை பிஸ்கட்டோடு முடித்துக்கொள்கிறாய் என்று தம்பி போட்டுக்கொடுத்துவிட்டான். அவனைத் திட்டாதே, ஒழுங்காகச் சாப்பிடு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூட விஷயம், உன் ஆபீஸ் விஷயமும் அதுவேதான். தேசிய டிஜிட்டல் திறன் திட்டம் என்று நீங்கள் தலைநகரத்தில் உட்கார்ந்து போட்டீர்களே, அது எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்துவிட்டது. திட்டத்தைக் குறை சொல்ல வரவில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் வீட்டில் கம்ப்யூட்டரைக் கண்ணால் கண்டதில்லை, டேப்லெட் வந்த அன்று என் ஐந்தாம் வகுப்பு ஆடிய ஆட்டத்தைப் பார்த்திருந்தால் உனக்குப் பட்ட பாடெல்லாம் மறந்துபோயிருக்கும். ஆனால் வந்தது இரண்டு பிள்ளைக்கு ஒன்று. மீதி அடுத்த கட்டத்தில் வரும் என்றார்கள். அடுத்த கட்டம் எப்போது என்று கேட்டால் மேலே கேக்கணும் டீச்சர் என்கிறார்கள். மேலே யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் நீ இருக்கிறாய்.

இரண்டு பேருக்கு ஒன்று கொடுத்தால் என்ன ஆகும், வலுத்தவள் பிடுங்கிக்கொள்வாள், இளைத்தவள் வேடிக்கை பார்ப்பாள். அதற்கு நான் ஒரு வழி செய்தேன். ஒருத்தி கை, ஒருத்தி வாய். கையாக இருப்பவள் டேப்பைத் தொடலாம், தானாக எதையும் முடிவு செய்யக் கூடாது. வாயாக இருப்பவள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல வேண்டும், விரலை நீட்டக் கூடாது. இடைவேளைக்குப் பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும். முதல் வாரம் சந்தைக்கடைதான், அப்புறம் பிடித்துக்கொண்டார்கள். தெளிவாகச் சொல்லாவிட்டால் கை தப்பாக அமுக்கும் இல்லையா, அதனால் வாய்கள் யோசித்துப் பேசக் கற்றுக்கொண்டன. தெருவில் எத்தனை குழாய் ஒழுகுகிறது என்று எண்ணி வந்து டேப்பில் வரைபடம் போட்டார்கள், நம் வீட்டுக் குழாயையும் சேர்த்துவிட்டார்கள், யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

இதில் ஒரு ஜோடி. ஒருத்திக்கு வகுப்பில் ரேடியோ என்று பெயர், ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை, வாய் மூடினால் வாசலில் போகிறவர்கள்கூட இன்னிக்கு லீவா என்று கேட்பார்கள். அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள், வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். ரேடியோவுக்குப் பக்கத்தில் நத்தை. எதையும் நிதானமாகச் செய்வாள், பேசச் சொன்னால் காசு கேட்பாள் போலிருக்கும். இந்த இரண்டும் முதல் பெஞ்சில் என் மூக்குக்கு நேரே உட்கார்ந்திருக்கின்றன. போனில் வரும் செய்தி நிஜமா பொய்யா என்று பார்ப்பது எப்படி என்று உங்கள் பாடத்தில் இருக்கிறதே, அதில் இந்த ஜோடியை அடிக்க ஆள் இல்லை. யார் அனுப்பினது, எதுக்கு அனுப்பினது, வேற யார்கிட்ட கேட்டா தெரியும், இந்த மூன்றையும் கேக்காம நம்பாதே என்று ரேடியோ வீட்டுக்குப் போய் அம்மாவுக்கே பாடம் நடத்தியிருக்கிறாள். உங்களுக்குப் பெரிய பரிசு விழுந்திருக்கு என்று வந்த செய்தியை அம்மா திறக்கப் போனபோது போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டாளாம்.

இனிமேல்தான் கேள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி லாகின் கொடுத்திருக்கிறீர்கள். எங்கள் நெட் இருக்கிற லட்சணத்தில் ஒருத்தி வெளியே வந்து இன்னொருத்தி உள்ளே போவதற்குள் பாதி பீரியட் போய்விடும். அதனால் காலையில் யார் பெயரில் திறந்ததோ அதே பெயரில் ஓட்டிவிடுவோம். முதல் பெஞ்சில் எப்போதும் நத்தையின் பெயர்தான், ஏனென்றால் ரேடியோவின் பாஸ்வேர்டு என்ன காரணமோ ஒவ்வொரு தடவையும் முரண்டு பிடிக்கும். டேப்பில் யார் பெயர் இருந்தால் என்ன, இரண்டு பேரும்தானே படிக்கிறார்கள் என்று நான் இருந்துவிட்டேன். உங்கள் கணக்கில் அப்படி இல்லை என்பது எனக்குத் தெரியாது. ஒரு மாதம் லாகின் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை பள்ளியை விட்டு நின்றுவிட்டது என்று எடுத்துக்கொண்டு, பெற்றோர் போனுக்குத் தானாகவே செய்தி போகிறது. தங்கள் பிள்ளை தொடர்ந்து பள்ளிக்கு வரவில்லை, உடனே கவனிக்கவும். அந்த இரண்டு வரியை நீதான் எழுதினாய். அது ஆரம்பித்த அன்று எனக்குப் போன் பண்ணி, இனிமே ஒரு பிள்ளைகூட நம்ம கண்ணுக்குத் தப்பாதும்மா என்றாயே, நான் பக்கத்து வீட்டு அக்காவிடமெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

அந்தச் செய்தி ரேடியோவின் அம்மாவுக்குப் போயிருக்கிறது. விடியற்காலை வேலைக்குப் போகிறவள், பிள்ளை பள்ளிக்குப் போனதா என்று பார்க்க அவளுக்கு ஏது நேரம். நம் பிள்ளை தினமும் பையை மாட்டிக்கொண்டு எங்கேயோ சுற்றிவிட்டு வருகிறது என்று நினைத்துவிட்டாள். ரேடியோ என்ன சொன்னாளாம் தெரியுமா, அம்மா இது பொய் மெசேஜ், நம்பாதே, டீச்சர்கிட்ட கேளு என்றாளாம். அதற்குத்தான் அடி அதிகமாக விழுந்திருக்கிறது. மறுநாள் அம்மா அவளை இழுத்துக்கொண்டு வந்து, படிச்சுக் கிழிச்சது போதும் டீச்சர், பேரை எடுத்துருங்க, என்னோட சலவைக்கு வரட்டும், என் கண்ணு முன்னாலயாவது இருப்பா என்றாள். இவ தினமும் வர்றாம்மா, என் எதிர்லயே உட்கார்ந்திருக்கா என்றேன். அப்போ கவர்ன்மெண்ட் பொய் சொல்லுதா என்று கேட்டாள். கவர்ன்மெண்டில் என் மகள் இருக்கிறாள் என்று சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை சிட்டு. பிள்ளையின் முழங்கையில் அடிபட்ட தடிப்பு. எனக்குக் கோபம் வந்தது, அவள் அம்மா மேல் அல்ல.

ஒரு வாரம் டைம் கொடுங்க என்று கையைப் பிடித்துக் கேட்டு பெயரை எடுக்காமல் நிறுத்தினேன். ரேடியோ வந்தாள், உட்கார்ந்தாள், வாயைத் திறக்கவில்லை. வகுப்பு அமைதியாக இருந்தால் எனக்கு நிம்மதி என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன், அந்த அமைதியை என்னால் உட்கார்ந்து கேட்க முடியவில்லை. ஹெச்.எம்.மிடம் போனேன். அவரைத்தான் உனக்குத் தெரியுமே, மேலே எள் என்றால் இங்கே எண்ணெயாக நிற்பவர். அதுக்கென்ன டீச்சர், தினமும் எல்லாரையும் ஒரு நிமிஷம் உள்ளே விட்டு வெளியே எடுங்க, எல்லா ஸ்கூல்லயும் அதைத்தான் பண்றாங்க என்றார். அன்றைக்கே முன்னால் நின்று செய்தும் காட்டினார். பீரியட் முழுக்க ஒருத்தர் உள்ளே, ஒருத்தர் வெளியே, கல்யாண மண்டபத்துக் கதவு மாதிரி. ஒரு எழுத்து யாரும் படிக்கவில்லை. சாயங்காலம் எங்கள் பள்ளிக்குப் பாராட்டுச் செய்தி வந்தது, சிறப்பான முன்னேற்றம், வாழ்த்துகள் என்று, கீழே உங்கள் பிரிவின் பெயர். ஹெச்.எம். அதை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று எனக்குப் பின்னால் சத்துணவுக்கார அக்கா முணுமுணுத்தாள், நான் கேட்காத மாதிரி வந்துவிட்டேன்.

அந்தப் பாராட்டைக் காட்டி ரேடியோவின் அம்மாவைச் சமாதானம் செய்திருக்கலாம். மனசு ஒப்பவில்லை. நீங்களே வந்து பாருங்க, ஒரு மணி நேரம் போதும் என்று கூப்பிட்டேன். ஷிப்ட் முடிந்து, கையெல்லாம் சோப்பில் ஊறி வெளுத்துப்போய் வந்து, கடைசி பெஞ்சில் பிள்ளைகள் நடுவே உட்கார்ந்தாள். கணக்கு ஒன்று கொடுத்தேன். நத்தை கை, ரேடியோ வாய். ரேடியோ தலையைக் குனிந்துகொண்டே இருக்கிறாள். நான் நத்தையிடம், சரிடா, இன்னிக்கு நீயே போடு என்றேன். அந்த நத்தை டேப்பை விட்டு இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவ சொல்லாம நான் அமுக்க மாட்டேன் டீச்சர், அதுதானே ரூல் என்றாள். வகுப்பு ஆரம்பித்ததிலிருந்து அவள் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அப்புறம் ரேடியோ மெதுவாக, மேல இருக்கிற கட்டம், அதுல ஏழு போடு, இல்லை இல்லை, இரு, முதல்ல அழி என்றாள். அப்படியே ஆரம்பித்தவள் மணி அடித்தும் நிறுத்தவில்லை. அவள் அம்மா போகும்போது என்னிடம், வீட்லயும் இப்படித்தான் தொணதொணன்னு உயிரை வாங்கும் டீச்சர், ஒரு நாள் வாயை மூடாதான்னு இருக்கும், இந்த ஒரு வாரமா மூடிக்கிச்சு, எனக்குச் சோறு இறங்கலை என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பெயரை எடுப்பது பற்றிப் பேசவில்லை.

ஆனால் ஒன்று. அந்த ஒரு நாள் உள்ளே வெளியே ஆட்டத்திலும் ரேடியோவின் பாஸ்வேர்டு திறக்கவில்லை. மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறோம். உங்கள் கணக்கில் அவள் பெயர் இன்னும் நின்றுபோனவர்கள் பட்டியலில் சிவப்பாகத்தான் இருக்கிறது, அடுத்த மாதம் பிறந்ததும் அதே செய்தி மறுபடி தானாகப் போகும். அவள் அம்மா நல்லவள்தான், ஆனால் அலுத்துச் சலித்து வீட்டுக்கு வருகிற நேரத்தில் அரசாங்கம் இரண்டாம் தடவையும் சொன்னால் என்னை நம்புவாளா அதை நம்புவாளா என்று எனக்குத் தெரியாது. என் வகுப்பில் ஒருத்திக்குச் சிபாரிசு கேட்கிறேன் என்று நினைக்காதே. இரண்டு பேருக்கு ஒன்று கொடுத்த ஊரெல்லாம் இப்படித்தானே இருக்கும். அந்தச் செய்தி வீட்டுக்குப் போகும் முன்னால் பள்ளிக்கு ஒரு வார்த்தை கேட்கட்டும், பிள்ளை இருக்கிறதா என்று. ஒரு டீச்சர் தலையைத் தூக்கிப் பார்த்துச் சொல்லிவிடுவாள். நீ சின்னப் பதவியில் இருக்கிறேன் என்பாய், சரி, பெரிய பதவியில் இருப்பவரின் ரூம் எந்தப் பக்கம் என்று உனக்குத் தெரியுமே, போய்ச் சொல். உனக்குக் கோபம் வரும் என்றும் தெரியும். நீ கெட்டிக்காரி, ராப்பகலாக உழைத்தாய், அது எனக்குப் பெருமைதான், அதில் ஒரு குறையும் இல்லை. தப்பைச் சொல்வதற்கு உனக்கு அம்மாவை விட்டால் யார் இருக்கிறார்கள்.

இதை ஓய்வு அறையில் உட்கார்ந்து எழுதுவதை ரேடியோ ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். யாருக்கு டீச்சர் என்றாள். அந்த மெசேஜ் அனுப்பினாங்களே, அந்த ஆபீஸ்ல இருக்கிற அக்காவுக்கு என்றேன். முகம் சுண்டிப்போகும் என்று பார்த்தேன். நான் தினமும் வர்றேன்னு சொல்லுங்க டீச்சர், அந்த அக்காவுக்குத் தெரியாம இருக்கும் என்றாள். சொல்லிவிட்டேன்.

நோய் நொடி இல்லாமல், எடுத்த காரியம் எல்லாம் கைகூடி நீ நன்றாக இரு. மாதம் பிறப்பதற்குள் செய், மறந்துவிடாதே. லீவு கிடைத்தால் வந்துவிட்டுப் போ. நீ வீட்டுப்படி ஏறி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, உன் கணக்குப்படி பார்த்தால் நீ இந்த வீட்டை விட்டு நின்றுபோனவள். இங்கே ராத்திரி வாசல் கதவைப் பூட்டும்போது உன் அப்பா இன்னும் எல்லாரும் வந்தாச்சா என்றுதான் கேட்கிறார், நான் இன்னும் சிட்டு வரலை என்றுதான் சொல்கிறேன்.

இப்படிக்கு, உன்னைத் திட்டிவிட்டு அதையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா